பளிங்குப் புத்தகத்தின் பெறுமதி

நூலகங்களுக்கான நடைமுறைக் கோவையில் ஒரு விதி இருக்கிறது. நன்கொடையாக வரும் நூல் சிறப்புத் துறை ஒன்றைச் சேர்ந்ததாக இருந்தால், அதை இருப்பில் சேர்ப்பதற்கு முன்னரே, அத்துறை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அதன் பெறுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். விதி அவ்வளவுதான். உட்பிரிவு இல்லை, விதிவிலக்கு இல்லை. அரசாங்க வேலையில் இருந்த காலத்தில் இத்தனை தெளிவான வாக்கியங்களை நான் அதிகம் கண்டதில்லை. அதனால்தான் அதை யாரும் பின்பற்றவில்லை என்று நினைக்கிறேன். குழப்பமான விதியாக இருந்தால் விளக்கம் கேட்டு ஒரு கடிதமாவது எழுதியிருப்பார்கள்.

தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் கிளை நூலகத்தில் இந்த விதியைத் தலைகீழாக நடத்தினார்கள். முதலில் புத்தகத்தை இருப்பில் சேர்த்தார்கள். பிறகு அதற்கு விலை போட்டார்கள். பிறகு அதைக் கும்பிட்டார்கள். அதன் பிறகு குற்றம் பிடித்தார்கள். எல்லாம் முடிந்த பின்னர், இந்தப் புத்தகத்துக்கு உண்மையிலேயே ஏதாவது பெறுமதி உண்டா என்று கேட்பதற்கு என்னைத் தேடினார்கள்.

நான் உயர்தர வகுப்புக்குத் தமிழில் பௌதிகவியல் படிப்பித்து, பிறகு கல்விக் காரியாலயத்தில் உதவிப் பணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பதுளை நகரத்தில், பஸ் நிலையத்திலிருந்து மேட்டில் ஏறும் ஒரு குறுக்கு வீதியில் குடியிருக்கிறேன். ஓய்வு பெற்றவனைத் தேடி அரசாங்கம் வருவதென்றால், ஒன்று ஓய்வூதியத்தில் கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க வரும். இல்லையென்றால் சம்பளம் கொடுக்காமல் ஒரு வேலையைச் செய்விக்க வரும். பெப்ரவரி மாதத்து ஒரு காலையில் வந்த தொலைபேசி அழைப்பு இரண்டாவது வகை.

"சேர், நான்தான் பேசுறேன். ஞாபகம் இருக்கா? ஒளியியல்ல ஒங்ககிட்ட அடி வாங்குனவன்."

"நான் ஒளியியலுக்கு யாரையும் அடிச்சதில்லை. இயக்கவியலுக்குத்தான் அடிச்சேன். ஒளியியல்ல நீங்க எல்லாரும் தூங்குனீங்க."

சிரித்தான். சிரிப்பை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொண்டேன். கடைசி வாங்கில் இருந்த பையன். இப்போது தலை நரைத்துப்போய், அந்த நூலகத்தை நடத்தும் பிரதேச சபையில் வருடாந்தப் பொருட் கணக்கெடுப்புக்குத் தலைவராக இருக்கிறான். கதிரை, மேசை, அலுமாரி, புத்தகம் எல்லாவற்றையும் எண்ணி, குறைந்ததற்கும் பழுதானதற்கும் பொறுப்பாளரிடம் விளக்கம் கேட்கிற வேலை.

"போட்டோனிக் கிறிஸ்டல்னு ஒரு புத்தகம் சேர். வெலையைக் கேட்டா நெஞ்சப் புடிச்சுக்குவீங்க. அதுக்கு மேல சந்தனம் பூசி வச்சிருக்காங்க."

"சந்தனமா?"

"சந்தனம், குங்குமம். உள்ளுக்குள்ள நல்லெண்ணெயும் இருக்கு. அப்படியே எழுதுனா மேல சிரிப்பாங்கன்னு 'வெளிப்பொருள் படிவு'ன்னு எழுதியிருக்கேன்."

இந்த மாதிரிச் சொல்லாட்சிக்காவது நான் அவனுக்குப் புள்ளி போட்டிருக்கலாம்.

அந்தப் புத்தகம் அங்கே வந்து சேர்ந்த விதம் எளிமையானது. எல்லவில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தண்டவாளம் வழியாக நடந்து, தோட்டத்துக்குள் வழி தவறி வந்து, மழைக்கு அந்த நூலகத்தில் ஒதுங்கியிருக்கிறார். நூலகம் என்பது பழைய பிள்ளைக்காம்பரா. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை. குழந்தைகளுக்குப் புதிய கட்டடம் கட்டியதும் பழையதைப் புத்தகங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே இருந்தவை பரீட்சை வழிகாட்டிகளும் பஞ்சாங்கங்களும் அமைச்சர்களின் படம் போட்ட மலர்களும். மழை விட்டதும் அவர் நன்றி சொல்லிப் போய்விட்டார். சில மாதங்களுக்குப் பிறகு ஒரு பார்சல் வந்தது. அதற்குள் தடித்த ஒரே ஒரு புத்தகம். அவர் எங்கோ பௌதிகவியல் படிப்பிக்கிறவராம். தனக்குப் பிடித்த புத்தகத்தை, யார் வாசிப்பார்கள் என்று யோசிக்காமல், அனுப்பிவிட்டார். சுங்கத்துக்காகப் பார்சலின் மேல் விலை எழுதியிருந்தது. சபையின் லிகிதர் அதை ரூபாயாக மாற்றி இருப்புப் பதிவேட்டில் ஏற்றினார். அன்றிலிருந்து அந்த நூலகத்தின் மிகப் பெறுமதியான பொருள் அதுதான். அதை வைத்துப் பூட்டிய இரும்பு அலுமாரிக்கே விலை குறைவு.

ஒக்டோபரில் சரஸ்வதி பூசை வந்தது. மீதியை நூலகப் பொறுப்பாளரே என் வீட்டுக்கு வந்து சொன்னாள். இருப்பில் உள்ள பொருளை அதன் பொறுப்பாளர் மட்டுமே வெளியே எடுத்துச் செல்லலாம் என்பதால், சான்றுப் பொருளைக் குற்றம் சாட்டப்பட்டவளே சுமந்துகொண்டு வந்தாள். இந்த ஒரு விதியை மட்டும் சபை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியது.

நாற்பதைத் தாண்டிய பெண். அதே தோட்டத்து லயத்தில், ஒரே மாதிரிக் காம்பராக்கள் ஒட்டி ஒட்டி நிற்கும் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள், உயர்தரத்தில் கலைப்பிரிவில் சித்தியடைந்தவள். பல வருடங்களாக "தற்காலிக" என்ற சொல் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பதவியில் அந்த அறையைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸில் வந்த களைப்போடு, பொலிதீனில் சுற்றி, அதற்கு மேல் துவாயால் சுற்றிய பொதியை என் மேசையில் வைத்தாள்.

"மழை சேர். ஏற்கனவே எண்ணெய் பட்டிருக்கு. இனி தண்ணியும் பட்டுச்சுன்னா என்னைய ஜெயில்ல போட்டுருவாங்க."

"பூசைக்கு எதுக்கும்மா இந்தப் புத்தகம்?"

"அம்மன் படத்துக்கு முன்னால அடுக்குறப்ப எல்லாத்துக்கும் மேல நல்ல புத்தகமா ஒண்ணு வக்கணும்ல சேர். அதுக்கு முந்துன வருசமெல்லாம் பழைய டெலிபோன் டிரெக்டரியத்தான் வச்சோம். பெருசா இருக்கும்னு. இந்தவாட்டி இது இருக்கே, இம்புட்டு வெல, அட்டையும் நீலமா பளபளன்னு இருக்குன்னு வச்சேன். கோயில் ஐயா வந்து சந்தனம் வச்சாரு. புள்ளைங்க எல்லாம் தொட்டுக் கும்பிட்டாங்க. வெளக்கு லேசா சாஞ்சிருச்சு."

"கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். அதுல ஒருத்தரு புத்தகத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. ஒத்திக்கிட்டுட்டுத்தான் எழுதுனாரு."

சந்தனம் காய்ந்து மேலட்டையில் ஒரு வெளிறிய வட்டமாக இருந்தது, நடுவில் குங்குமம். எண்ணெய் சில பக்கங்களை ஒளி ஊடுருவும்படி செய்திருந்தது. அந்தப் பக்கங்களில் முன்பக்க எழுத்தையும் பின்பக்க எழுத்தையும் ஒரே நேரத்தில் வாசிக்கலாம்.

தற்காலிகமாக இருப்பவர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் ஒன்றை அந்த வருட நடுவில் சபை மேலிடத்துக்கு அனுப்ப இருந்தது. பெயரில் கணக்காய்வுக் கேள்வி எதுவும் நிலுவையில் இல்லாதவர்கள் மட்டுமே அதில் சேர்க்கப்படுவார்கள். இதற்கு முந்தைய பட்டியல் போனபோது அவளுடைய மகள் பால்வாடியில் இருந்தாளாம். இப்போது அவள் கொழும்பில் உடுப்புக் கடையில் நிற்கிறாள். அடுத்த பட்டியல் எப்போது என்று எவருக்கும் தெரியாது. அவளுடைய பெயரில் இருந்த ஒரே கேள்வி இந்தப் புத்தகம். கேள்வி மூடப்பட்டால் அவளுக்குச் சம்பள அளவுத்திட்டமும் ஓய்வூதியமும் கிடைக்கும். மூடப்படாவிட்டால் எதுவும் இல்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் பகடி பேசவில்லை.

மதிப்பீட்டுப் படிவத்தில் மூன்று நிரல்கள். முதலாவது, நூலின் நிலை. இரண்டாவது, அறிவுப் பெறுமதி. மூன்றாவது, நூலகத்துக்கான பயன்பாடு. நான் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவளைப் பஸ்ஸேற்றி அனுப்பினேன். பிறகு வாசிக்கத் தொடங்கினேன்.

அந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒளி தாராளமாக ஊடுருவிச் செல்லக்கூடிய இரண்டு பொருட்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே ஒளியைத் தடுப்பவை அல்ல. அவற்றை மாற்றி மாற்றி, ஒளியின் அலைநீளத்தை ஒத்த நுண்ணிய இடைவெளியில் ஒழுங்காக அடுக்கினால், குறிப்பிட்ட சில நிறங்கள் அந்த அடுக்கினுள் நுழையவே முடியாமல் போகும். அந்த அடுக்குத்தான் போட்டோனிக் கிறிஸ்டல், தமிழில் ஒளிப்பளிங்கு. எந்தப் படையும் அந்த ஒளியை விழுங்குவதில்லை. ஒவ்வொரு படையும் மிகச் சிறிய பங்கொன்றைத் திருப்பி அனுப்புகிறது; திரும்பிய சிறு பங்குகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போய், சேர்ந்து முழு ஒளியையும் திருப்பிவிடுகின்றன. தடை பொருளில் இல்லை, அடுக்கிய ஒழுங்கில் இருக்கிறது. கோவைகள் மேசை மேசையாகப் போய்த் திரும்பி வந்ததைப் பார்த்தே வாழ்க்கையைக் கழித்தவனுக்கு இதை விளங்கிக்கொள்ளப் படம் தேவைப்படவில்லை. நான் கண்ட எந்த மேசையிலும் கெட்டவர் இருக்கவில்லை.

இது நல்ல பாடநூலா? நல்ல பாடநூலை நான் ஒரே ஒரு அளவுகோலால் அளப்பேன். வாசிப்பவன் எந்த இடத்தில் வழுக்கி விழுவான் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து, அந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும். முதல் நான்கு அத்தியாயங்களில் இந்த ஆசிரியர் அப்படி நிற்கிறார். ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு, "இதிலிருந்து எளிதில் பெறலாம்" என்று சொல்லித் தப்பி ஓடுவதில்லை. எந்த அண்ணளவாக்கம் எங்கே பொய்த்துப்போகும் என்பதை மறைக்காமல் சொல்கிறார். ஒழுங்கான அடுக்கில் வேண்டுமென்றே ஒரு குறையை வைத்தால், வேறெங்கும் புக முடியாத ஒளி அந்தக் குறைக்குள் மட்டும் தங்கிவிடும் என்று விளக்கும் பக்கத்தை வாசித்துவிட்டு, எழுந்து யன்னலருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு பௌதிகவியல் பக்கம் என்னை எழுந்து நிற்க வைத்தது. சொல்லிச் சிரிப்பதற்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. என்னோடு படித்தவர்கள் கனடாவில் இருக்கிறார்கள், அல்லது எங்கேயும் இல்லை. நான் படிப்பித்த பாடசாலையில் இப்போது உயர்தரப் பௌதிகவியலுக்குத் தமிழில் ஆசிரியர் கிடையாது.

குறைகளும் உண்டு. பயிற்சிக் கணக்குகளுக்கு விடை இல்லை. கணினி அத்தியாயம் நம்பியிருக்கும் மென்பொருளைப் பற்றி விசாரித்துப் பார்த்தேன். அது இப்போதைய கணினிகளில் ஓடாதாம். முகவுரையில், இளமாணிப் பட்டதாரிக்குத் தெரிந்த கணிதம் போதும் என்று சொல்லியிருக்கிறார். எல்லாப் பாடநூல்களும் முகவுரையில் சொல்லும் பொய் அது. ஐந்தாம் அத்தியாயத்தில் முப்பரிமாண அடுக்குகள் தொடங்கியதும் நான் பின்தங்கினேன். இரண்டு வாரம் அங்கேயே கிடந்தேன். பிறகு ஒப்புக்கொண்டேன்: என் தகுதி அங்கே முடிகிறது. விதிப்படி, தகுதியான வேறொருவரை நியமிக்கும்படி எழுதிப் புத்தகத்தைத் திருப்பியிருக்க வேண்டும். ஆனால் சபையின் பட்டியலில் பௌதிகவியலுக்கு நேரே என் பெயர் மட்டுமே இருந்தது. பல்கலைக்கழகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேறோர் அமைச்சின் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலிலிருந்து இந்தப் பட்டியலுக்கு ஒருவரை இரவல் வாங்கும் நடைமுறையை நான் நன்றாகவே அறிவேன். அது முடிவதற்குள் அவளுக்கு அறுபது வயதாகிவிடும்.

முதல் அத்தியாயத்தை மீண்டும் பார்த்தபோதுதான் பென்சில் எழுத்துகளைக் கவனித்தேன். முதல் தடவை, எழுத்து மிக மங்கலாக இருந்ததால், அச்சின் நிழல் என்று நினைத்து விட்டிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களுக்கு மேலே பொடிப்பொடியாகத் தமிழில் பொருள் எழுதியிருந்தது. மின்கடத்தாப் பொருளுக்கு "கரண்டு போகாத சாமான்". ஆவர்த்தன ஒழுங்கு என்பதற்கு "ஒண்ணு மாதிரியே அடுத்தடுத்து, லயத்துக் காம்பரா மாதிரி". நான் வகுப்பில் இதற்குத் தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளை உதாரணம் சொல்வேன். லயம் அதைவிட மேல். பதினோராம் பக்கத்தோடு எழுத்து நின்றுவிட்டது.

கணக்கெடுத்தவர்கள் அட்டையையும் எண்ணெயையும் பார்த்தார்களே தவிர, முதல் பக்கங்களைப் புரட்டவில்லை. ஆனால் இனிப் புரட்டுவார்கள். மதிப்பீடு முடிந்த நூலை மூன்று பேர் முன்னிலையில் பக்கம் பக்கமாகச் சரிபார்த்துத்தான் திரும்ப ஏற்க வேண்டும். பூசை எண்ணெய் தற்செயல். பென்சில் எழுத்து தற்செயல் அல்ல. பொதுச் சொத்தை வேண்டுமென்றே பழுதாக்கியது என்றுதான் எழுதுவார்கள்.

அன்று மாலை பழைய மாணவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பென்சிலைப் பற்றிச் சொல்லவில்லை. கேள்வியை மூடுவதற்கு எது குறுக்கு வழி என்று மட்டும் கேட்டேன்.

"சேர், நீங்க ரெண்டாவது நிரல்ல என்ன வேணும்னாலும் எழுதுங்க. உலகத்துலயே சிறந்த புத்தகம்னு எழுதுங்க. மூணாவதுல, பயன்பாடுன்னு இருக்கே, அதுல 'இல்லை'ன்னு ஒரே ஒரு சொல்லு போடுங்க. பயன்பாடு இல்லாத பொருளை இருப்புல இருந்து எடுத்துரலாம். எடுத்துட்டா பழுதுன்னு ஒரு பேச்சே இல்லை. நான் அன்னைக்கே மூடிடுறேன்."

"பயன்பாடு உண்டுன்னு எழுதுனா?"

"பாவனையில உள்ள பெறுமதியான பொருளுக்குச் சேதம்னு வரும். மாகாணத்துக்கு அனுப்பி விசாரணைக் குழு போடணும். ஒங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததுதான். அந்த நடைமுறையின் வரைவில் ஒரு காலத்தில் நானும் திருத்தம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை, புத்தகத்தையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். தெமோதரையில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறும் பாதையில் இரண்டு இடத்தில் இளைப்பாறிப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே ஒரு நீள மேசை, பிள்ளைகளுக்கென்று போட்ட குட்டை வாங்குகள். ஓய்வு பெற்ற காவற்காரக் கிழவர் ஒருவர் பேப்பரை முழங்கால் வரை விரித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

பென்சில் எழுத்தைக் காட்டி, திரும்ப ஏற்கும்போது இதைப் பிடித்துக்கொள்வார்கள் என்றேன். அவள் மறைக்கவில்லை.

"நான்தான் சேர். சும்மா ஒக்காந்திருக்கிற நேரத்துல. இம்புட்டு வெலன்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்படி என்னதான் இருக்குன்னு பாத்தேன். டிக்ஸனரிய வச்சுக்கிட்டு."

"என்ன இருந்துச்சு?"

"ஒரு மண்ணும் வெளங்கல. ஆனா ஒண்ணு வெளங்குச்சு. கண்ணாடி மாதிரி சாமானையே அடுக்குற மாதிரி அடுக்குனா வெளிச்சம் போகாதாம்ல? பதினோராம் பக்கத்துல கணக்கு வந்துருச்சு. வுட்டுட்டேன்."

முதல் நான்கு அத்தியாயங்களின் சாரத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அழிறப்பரைத் தேடப் போனாள். நான் படிவத்தைப் பற்றியும் மூன்றாவது நிரலைப் பற்றியும் சொன்னேன்.

"போடுங்க சேர். 'இல்லை'ன்னு போடுங்க. புத்தகம் கோவிச்சுக்காது."

"நீங்க வாசிச்சிருக்கீங்களே. வாசிச்ச ஆள் ஒருத்தர் இங்க இருக்கும்போது நான் எப்படி இல்லைன்னு எழுதுறது?"

"பதினோரு பக்கம் வாசிச்சதுக்கு யாரு சேர் பென்சன் குடுப்பாங்க?"

இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அழிக்கத் தொடங்கினோம். அவள் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள நான் அழித்தேன். நான் ஒரு சொல்லை அழித்து முடிப்பதற்குள் பொறுமையிழந்து, அழிறப்பரை அவளே வாங்கிக்கொண்டாள். "கரண்டு போகாத சாமான்" போனது. "லயத்துக் காம்பரா மாதிரி" போனது. அழிறப்பர் தூளை அவள் கையால் கூட்டித் தன் சேலைத் தலைப்பில் வாங்கிக்கொண்டாள், தரையில் விழுந்தால் கூட்டவேண்டியவளும் அவள்தான் என்பதால்.

கிழவர் பேப்பருக்கு மேலால் பார்த்தார்.

"என்னாங்க சேர், ரெண்டு பேரும் பரீட்சைக்கா?"

"பரீட்சை முடிஞ்சு போச்சு தாத்தா. விடையத்தான் அழிக்கிறோம்" என்றாள் அவள்.

"அந்தச் சாமிப் புத்தகந்தானே? அதுக்குச் சந்தனம் வச்சதுக்கு கேள்வி கேக்குறவங்கெ, போன வருசம் இந்தக் கூரை ஒழுகுறப்ப எங்க போனாங்கெ?"

"அதுக்கு வேற படிவம் தாத்தா."

ஊவா மாகாணத்தில் அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்த ஒரே வாசிப்பை அழித்து முடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பக்கங்கள் கொஞ்சம் உரோமம் எழும்பியது போல் ஆகிவிட்டன, அவ்வளவுதான். பிறகு படிவத்தை எடுத்தேன். முதல் நிரலில், அட்டையிலும் சில பக்கங்களிலும் உள்ள கறை நூலின் உள்ளடக்கத்தைப் பாதிக்கவில்லை என்று எழுதினேன். இரண்டாவதில், அறிமுக நூல் என்ற அளவில் மிக உயர்ந்த தரமுடையது, முதல் நான்கு அத்தியாயங்கள் முன்மாதிரியானவை, பிந்தியவற்றை மதிப்பிட எனக்குத் தகுதி போதாது என்று எழுதினேன். மூன்றாவதில் "இல்லை" என்று எழுதினேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். மாணவன் கேட்டது ஒரு சொல். அவள் கேட்டதும் அதே ஒரு சொல். ஆனால் எதிர்மறையான எந்த முடிவுக்கும் காரணம் எழுதப்பட வேண்டும் என்பது எனக்கு இரத்தத்தில் ஊறிய பழக்கம். எத்தனையோ பேரின் அறிக்கைகளைக் காரணம் எழுதவில்லை என்பதற்காகவே திருப்பி அனுப்பியவன் நான். எனவே தொடர்ந்து எழுதினேன்: "இத்தரத்து நூல்களை வாசிக்கும் வாசகர் இக்கிளையில் இல்லை."

அவள் தலைகீழாக இருந்தபடியே வாசித்தாள்.

"ஒரு சொல்லு போதும்னு சொன்னாங்கன்னீங்களே சேர்?"

"காரணம் இல்லாத 'இல்லை' கோவையில நிக்காதும்மா."

அந்த வாக்கியம் எனக்குக் கசந்தது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். என் வாழ்க்கை முழுவதும் மறுத்துப் பேசிய வாக்கியம் அது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் எதற்கு என்று கேட்ட அதிகாரிகளோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன். அதே வாக்கியத்தை, கொஞ்சம் நல்ல தமிழில், என் கையெழுத்தோடு கொடுத்தேன். ஒரு பெண்ணின் வேலைக்காகக் கொடுக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவளோ அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, "கீழ எறங்குறப்ப பாத்துப் போங்க, புல்லுல அட்டை கடிக்கும்" என்றாள்.

படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஏப்ரல் போனது. மே மாதம் மாணவனைக் கூப்பிட்டேன்.

"நான் மூடிட்டேன் சேர், அன்னைக்கே. ஆனா பிரதியை மாகாணத்துக்கு அனுப்பணும்ல. அங்க இருந்து ஏற்றுக்கொண்டோம்னு ஒரு வரி வரணும். வந்தா பட்டியல்ல பேரைச் சேத்துடுவாங்க. எல்லாம் சரி, ஒரு வரிதான் பாக்கி."

யூன் மாதம் மாகாணக் காரியாலயத்துக்கு நானே நேரில் போனேன். கோவை ஒரு மேசையில் இல்லை, அடுத்ததில் இருந்திருக்கிறது, அதற்கு அடுத்ததற்குப் போயிருக்கிறது. எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். ஒருத்தி கதிரை போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "ஒங்க அறிக்கைய எல்லாரும் வாசிச்சாங்க சேர், ரொம்பத் தெளிவா இருக்குன்னு நூலகப் பிரிவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கோம்" என்றாள். நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும், நூலகப் பிரிவுக்கு எதற்கு என்று. கேட்கவில்லை. தெளிவாக இருக்கிறது என்று சொன்னது காதுக்கு இனிமையாக இருந்தது.

யூலையில் பட்டியல் தயாராகிறது, இன்னும் போகவில்லை, பதில் வந்தால் சேர்க்கலாம் என்று மாணவன் சொன்னான். அவள் வாரத்துக்கு ஒரு தடவை தொலைபேசி எடுப்பாள். "என்ன சேர், நம்ம பளிங்கு என்ன சொல்லுது?" என்பாள். ஒன்றும் சொல்லவில்லை என்பேன். கொழும்பிலிருந்து மகள் திரும்பி வந்துவிடலாமா என்று கேட்கிறாளாம். அம்மாவுக்கு நிரந்தரமானால் வருகிறேன் என்கிறாளாம். இதையும் சொன்னாள், பகடி இல்லாமல்.

ஓகஸ்ட் மாதம் இருபத்தோராம் திகதி மாகாணத்தின் பதில் எனக்கு வந்தது, அவளுக்குப் பிரதி. கடிதத்தில் இரண்டு பந்திகள். முதலாவது, மதிப்பீடு ஏற்றுக்கொள்ளப்பட்டது, நூல் இருப்பிலிருந்து நீக்கப்படுகிறது, கணக்காய்வுக் கேள்வி முடிவுறுத்தப்படுகிறது என்றது. அதை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாவது பந்தி நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த ஒரு சுற்றறிக்கையில் தொடங்கியது. ஓய்வு பெற்றவர்களுக்குச் சுற்றறிக்கை வருவதில்லை. அதன்படி, கிளை நூலகமாகத் தரப்படுத்தப்பட வேண்டுமானால் உயர்கல்வி நூல்களை வாசிக்கும் வாசகர் இருக்க வேண்டும். இத்தரத்து நூல்களை வாசிக்கும் வாசகர் அக்கிளையில் இல்லை எனத் தாங்கள் காரணத்துடன் சான்றளித்துள்ளமையால், அது வாசிகசாலையாகத் தரம் மாற்றப்படுகிறது. வாசிகசாலைக்குப் பொறுப்பாளர் பதவி இல்லை.

நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவள் தொலைபேசி எடுத்தாள். அவளுடைய பிரதி இன்னும் போய்ச் சேரவில்லை. சபையின் பியோன் முதல் பந்தியை மட்டும் வாசித்துவிட்டு அவளுக்குச் சொல்லியிருக்கிறான்.

"சேர், கேள்வி முடிஞ்சிருச்சாம்ல! புள்ளைக்குச் சொல்லிட்டேன், வான்னு."

நான் இரண்டாம் பந்தியை வாசித்தேன். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, வகுப்பில் வாசிப்பது போல. வேறு விதமாக எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. முடித்தபோது அவள் பக்கம் யாரோ பேப்பர் புரட்டுவது கேட்டது.

"அப்ப வாசிகசாலைல நான் வந்து சும்மா ஒக்காந்து வாசிக்கலாம், இல்லீங்களா சேர்?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள்.

பிறகு கேட்டாள்: "சாவிய யாருகிட்ட குடுக்கணும்னு அதுல போட்டிருக்கா?"

கடிதத்தை மறுபடி விரித்து, கடைசி வரி வரை பார்த்தேன்.

"போடலைம்மா" என்றேன்.